காப்பு கட்டிய ஊரில் ஹிபா

பங்குனி 3, செவ்வாய்

விடிந்ததுமே வெயில். கிணற்று மோட்டார் ரிப்பேர். ஆள் கூட்டிவர வீட்டுக்காரர் காரிமங்கலம் போவதாக இருந்தது, போகவில்லை.

காலையில் வீட்டில் இருந்தவர்கள்: நான். வீட்டுக்காரர். தருமபுரியிலிருந்து குழந்தைகள் பாதுகாப்பு அலுவலக மேடம், சின்ன வயசுதான். சாதாரணப் புடவையில் ஒரு பெண் போலீஸ். ஓரகத்தி மாதம்மா, கூப்பிடாமலே. ஹிபா, ஏழு வயது, ஏமன் நாட்டுக் குழந்தை. ஆக ஆறு பேர்.

போன வாரம் தொப்பூர் கணவாயில் கார் ஒன்று லாரிக்குப் பின்னால் மோதியது. அதில் வந்தவர் ஹிபாவின் அப்பா, சாலிம். மகளின் காது வைத்தியத்துக்குப் பெங்களூர் வந்தவர், கோயம்புத்தூரில் இன்னொரு டாக்டரைப் பார்க்கக் காரில் போயிருக்கிறார். தலையில் அடி. தருமபுரி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். பின் சீட்டில் இருந்த குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. அம்மா கிடையாது. சண்டையில் வீட்டின்மேல் குண்டு விழுந்து அங்கேயே போய்விட்டாளாம். குழந்தைக்கு வலது காது போனதும் அன்றைக்குத்தான்.

என்னிடம் எப்படி வந்தது: வார்டில் வேலை செய்யும் நம் ஊர்ப் பெண் சொல்லியிருக்கிறாள். "எங்கூர்ல சரசக்கான்னு இருக்காங்க, குவைத்துல ஒம்போது வருசம் வூட்டு வேல செஞ்சவங்க, அரபி பேசுவாங்க." சொந்தக்காரர்கள் பதில் சொல்லும்வரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று குழந்தைகள் நலக் கமிட்டி எழுதிக் கொடுத்துவிட்டது.

மேடம் சொன்ன நிபந்தனை: அனுமதி இல்லாமல் வெளியே அழைத்துப் போகக்கூடாது. போட்டோ கூடாது. வெளியாட்கள் பார்க்கக்கூடாது.

மாதம்மா உடனே: "குவைத்துல ஊரான் புள்ளைய வளத்தது பத்தலையாக்கா? இங்கயும் கொண்டாந்து வெச்சிக்கிட்டீங்க."

மேடம்: "நீங்க யாருங்கம்மா?"

"பக்கத்து வூடு. இவங்களுக்கு ஓரகத்தி."

"கொஞ்சம் வெளிய இருங்களேன்."

"எங்க மச்சாண்டார் வூட்டுல எனக்கென்னாங்க வெளிய, உள்ள?"

வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

குழந்தை கட்டிலில் இடது பக்கமாகச் சுருண்டு படுத்தது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். என்ன அழுத்தம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகுதான் புரிந்தது. கேட்கிற காதைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அவளாக வேண்டாமென்று நினைத்தால் உலகத்தில் ஒரு சத்தமும் அவளுக்குள் போகாது.

பங்குனி 4, புதன்

மோட்டார் சரியானது. பால் அரை லிட்டர் கூடுதலாகச் சொல்லியாயிற்று. சாம்பார் தொடவில்லை. ரசத்தை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். சப்பாத்தியில் சர்க்கரை தூவிக் கொடுத்தேன், இரண்டு தின்றாள்.

படுக்கப் போகுமுன் கையை விரித்து ஏதோ முணுமுணுக்கிறாள். நான் டி.வி.யை அணைத்தேன். துவைத்த பாய் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கறிக்கடை பாய்க்குப் போன் செய்து எந்தத் திசை என்று கேட்டேன். "மேக்குங்கம்மா." அப்படி உட்கார்ந்தால் எங்கள் சாமி அறைக்கு முதுகு காட்ட வேண்டிவரும். அதனால் என்ன. மாரியாத்தா முதுகுப் பக்கமும் பார்ப்பாள்.

கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மத்தியானம் கேட்டருகே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குவைத்தில் மாடி ஜன்னலில் இப்படித்தான் நான் நிற்பேன். அங்கே சாவி நான் வேலை பார்த்த வீட்டு மேடத்தம்மாவிடம் இருந்தது. இப்போது என் இடுப்பில். எழுதும்போது கை கூசுகிறது.

பங்குனி 6, வெள்ளி

விளக்கேற்ற எழுந்தேன். பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம். மாதம்மா என்று நினைத்தேன்.

ஹிபா. பாத்திரம் அத்தனையும் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். இட்லிப் பானை உட்பட. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். திட்டு விழுமா, இன்னும் வேலை இருக்கிறதா என்று என் முகத்தையே பார்க்கிறாள்.

நான் யாரையும் தேய்க்கச் சொல்லவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். இந்த மூன்று நாளாக அவளிடம் என்ன பேசினேன்?

எனக்குத் தெரிந்த அரபி: வா. போ. கொண்டு வா. கழுவு. துடை. சீக்கிரம். போதும். பேசாதே. வெட்கமில்லையா.

ஒன்பது வருஷத்தில் என் காதில் அதிகம் விழுந்தது இவைதான். சாப்பிட வா என்று நினைத்துத்தான் 'வா' என்றேன். அதுவும் மேடத்தம்மா என்னைக் கூப்பிட்ட அதே குரலில் வந்திருக்கிறது. அவள் தன் பிள்ளைகளைக் கொஞ்சும்போது நான் கதவுக்கு வெளியே இருந்தேன். கொஞ்சும் வார்த்தை எனக்கு எங்கிருந்து வரும்?

அம்மா இல்லாத பிள்ளையை ஆறுதலாக வைத்துக்கொள் என்று கொடுத்தார்கள். நான் வேலைக்காரியாக்கி வைத்திருக்கிறேன்.

ஈரக் கையைத் துடைத்துவிட்டேன். தமிழிலேயே சொன்னேன். "நீ செய்ய வேணாங் கண்ணு." 'கண்ணு' என்பதை மட்டும் திருப்பிச் சொன்னாள், கேள்வி மாதிரி.

பங்குனி 7, சனி

மேடம் அனுமதி கொடுத்தார். ஹிபாவின் சித்தப்பா யஹ்யா ஏமனில் இருக்கிறார். அவருடைய நம்பர் சாலிமின் பைக்குள் இருந்தது. என் போனிலிருந்து பேசினோம். ஹிபா பேசவில்லை. போனை இடது காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான்.

எனக்கு வந்த அரைகுறை அரபியில் கேட்டேன். இவள் அம்மா தூங்க வைக்கும்போது என்ன சொல்வாள்? வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். பொழுது சாயும்போது வாய்ஸ் மெசேஜ் வந்தது. யஹ்யாவின் மனைவி குரல். மெதுவாக, இரண்டு தடவை. தமிழ் எழுத்தில் எழுதி வைக்கிறேன்:

நாமி யா ஐனீ, அனா ஜன்பிக்.

தூங்கு என் கண்ணே, நான் பக்கத்தில் இருக்கிறேன். அங்கேயும் கண் என்றுதான் சொல்கிறார்கள்.

மாவு அரைக்கும்போது சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டுவிட்டு: "என்ன மந்திரம் அது?"

"புள்ளைய தூங்க வெக்கறதுங்க."

"நம்ம பையனுக்கு நீ ஒண்ணும் சொன்னதில்லையே."

"அவன் முதுவுல தட்டுனாலே தூங்கிருவான்."

ஒசூர் கம்பெனியில் வேலை செய்கிறவன், இப்போதும் அப்படித்தான் தூங்குகிறானா தெரியவில்லை.

பங்குனி 10, செவ்வாய்

இன்று பொழுது சாய்ந்ததும் மாரியம்மனுக்குக் காப்பு. இனி மஞ்சள் நீர் முடியும்வரை ஊரில் கவுச்சி கிடையாது. காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்த உயிர் எதுவும் வெளியூரில் இராத் தங்கக்கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுதுக்குள் திரும்பிவிட வேண்டும்.

காலையில் மேடம் போன்.

"சரசுக்கா, சேலத்துல பொண்ணுங்க ஹோம்ல எடம் கெடச்சிருச்சு. கவுன்சிலர் எல்லாம் இருக்காங்க. நாளைக்கி வண்டி அனுப்பறேன்."

"அங்க அரபி தெரிஞ்சவங்க இருக்காங்களா மேடம்?"

"இல்லீங்கக்கா. போன்ல மொழிபெயர்க்கிற ஆப் இருக்கு."

"இன்னிக்கி எங்கூர்ல காப்புங்க. அப்புறம் வெளிய தங்கக் கூடாதுங்களே."

"அக்கா, அதெல்லாம் சட்டத்துல இல்லீங்கக்கா."

அவரிடம் சொன்னேன். வெகுநேரம் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "அனுப்பறதா இருந்தா இன்னிக்கே அனுப்பிரு. காப்பு கட்டிட்டா நாமளும் மாட்டிக்குவோம், அந்தக் கொழந்தையும் மாட்டிக்கும். மாவெளக்கு அன்னிக்கி வேட்டு போடுவானுங்க, தெரியுமில்ல? அதுக்கு என்னா செய்வ?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. கோயில் நம் தெருக்கோடி. அதிர்வேட்டு போட்டால் பாத்திரம் அதிரும்.

அனுப்பினால்: மொழி தெரியாத இடம், புது முகங்கள், இன்னொரு கேட். வைத்துக்கொண்டால்: வேட்டு, அதுவரை வெளியே போகவும் வழி கிடையாது. போனைக் கையில் எடுத்தேன். இன்றைக்கே வண்டி அனுப்புங்கள் என்று சொல்லலாம். கீழே வைத்தேன். எடுத்தேன். அவள் திண்டில் சாய்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லாமலே செய்கிறாள், ஆனால் இப்போது ஒன்றிரண்டை வாயில் போட்டுக்கொள்கிறாள். வேலைக்காரி வாயில் போட்டுக்கொள்ள மாட்டாள். எனக்குத் தெரியும்.

தப்பட்டைச் சத்தம் கேட்டது. காப்புக் கட்டியாயிற்று. நான் போன் செய்யவில்லை. இதை நான் முடிவு செய்தேன் என்று சொல்ல முடியாது. முடிவு செய்யாமல் உட்கார்ந்திருந்தேன், பொழுது போய்விட்டது.

பங்குனி 11, புதன்

வண்டி வந்தது. மேடமும் டிரைவரும். ஹிபா கட்டிலடியில்.

நான் வாயைத் திறக்குமுன் மாதம்மா தெருவில் நின்றுகொண்டாள். கூடவே பால்காரர் சம்சாரம், கோடி வீட்டுக்காரி.

"ஏங்க, வண்டிய திருப்புங்க. நேத்தே காப்பு கட்டியாச்சு."

"அம்மா, இது அரசாங்க வேலை."

"அரசாங்கம் வந்து அம்மை போட்டா தண்ணி ஊத்துமா? ஊருக்குள்ள இருந்த உசுரு வெளிய தங்கக் கூடாது. தங்குனா ஆத்தா எங்களத்தான் கேப்பா."

"அந்தக் குழந்தை உங்க ஊரே இல்லீங்களே."

"காப்பு கட்டறப்ப எங்க இருந்துச்சு?"

"…இங்கதான்."

"அப்ப எங்கூருதான்."

குழந்தைக்காக இல்லை, காப்புக்காகத்தான் நின்றார்கள். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் மாதம்மாவுக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உப்பு கம்மி" என்றாள்.

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யாரிடமோ போனில் பேசினார். கமிட்டி அடுத்து கூடுவது திருவிழா முடிந்த பிறகு வரும் திங்கட்கிழமைதானாம். அதுவரை இங்கேயே இருக்கட்டும். "ஆனா அன்னிக்கி அப்பாவோ சித்தப்பாவோ சொன்னாத்தான் உங்ககிட்ட விடுவாங்க. இல்லன்னா சேலம்தாங்கக்கா. எங் கையில இல்ல." பாவம், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

பங்குனி 14, சனி

மேகம், மழை இல்லை. கேஸ் இன்று மாற்றினேன்.

அவர் பகலில் தருமபுரி போய்ச் சாலிமைப் பார்த்துவிட்டு வந்தார். கண் திறக்கிறாராம். ஆள் தெரியவில்லை. கழுத்தில் குழாய் இருப்பதால் பேச்சில்லை. அந்த ஆளின் நகக்கண்ணில் இன்னும் காரின் கண்ணாடித் தூள் ஒட்டியிருந்தது என்றார். நர்ஸிடம் சொல்லித் துடைத்துவிட்டாராம். இதை ஏன் எனக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

யஹ்யாவுக்கு மூன்று மெசேஜ் போட்டேன். ஒரே ஒரு டிக். அங்கே கரண்டு, நெட்டு எல்லாம் போய்விட்டதோ, வேறு ஏதாவதோ. வேறு ஏதாவது என்பதை மேலே நினைக்காமல் நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் தர்மகர்த்தா வீட்டுக்குப் போனேன். ஹிபாவிடம் அவர் இருந்தார்.

"இந்த வருசம் வேட்டு மட்டும் வேணாங்களே."

"ஏம்மா, ஆத்தாளுக்குச் செய்யறத கொறைக்கச் சொல்றியா? அதுவும் நீ?"

"கொழந்த குண்டுச் சத்தத்துல அம்மாவ பறிகொடுத்துட்டு வந்திருக்குதுங்க."

"நான் என்னா குண்டா போடறேன்? ஊரே வேட்டு கேக்கத்தான் வருது. பஞ்சு வெச்சி அடச்சி விடு."

"ஒரு காது ஏற்கெனவே அடச்சிதாங்க இருக்குது."

தர்மகர்த்தா முகம் ஒரு கணம் மாறியது. பிறகு பேரனைக் கூப்பிட்டு எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். முடியாது என்று அர்த்தம். காபி நன்றாகத்தான் இருந்தது.

பங்குனி 18, புதன்

இன்று மாவிளக்கு. குவைத்திலிருந்து திரும்பிய வருஷம் வேண்டிக்கொண்டது. ஒரு வருஷமும் தவறியதில்லை. காலையிலேயே மாவிடித்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, விளக்கு பிடித்துத் தட்டில் வைத்தேன். ஹிபா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு உருண்டை பிடித்தாள். அதில் விரலால் குழி போட்டாள். அதையும் தட்டில் வைத்தேன்.

நான் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆத்தாளிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மாதம்மா மஞ்சள் புடவையில் வந்து நின்றாள். "கெளம்பலையா?"

"எப்பிடி வருவேன்? வேட்டு போடுவாங்களே."

தட்டைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். "குடுங்க இப்பிடி." இடுப்பில் தன் தட்டு, தலையில் என் தட்டு. "ரெண்டு தூக்குனா ஆத்தா ரெண்டு பேருக்கும் குடுக்கட்டும். கை ஒடிஞ்சா நீங்கதான் தைலம் தேச்சி விடணும்."

அவரைக் காணோம். நான் மட்டும் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினேன். துணி திணித்தேன்.

முதல் வேட்டு. பாத்திரம் அதிரவில்லை. சத்தம் தூரத்தில், ஏரிப் பக்கமிருந்து. அப்போது புரியவில்லை. ஆனாலும் வேட்டு வேட்டுதான். ஹிபா ஒரு சத்தமும் போடவில்லை. தண்ணீர் போலக் கட்டிலடிக்குள் வழிந்து போய்விட்டாள். நானும் உள்ளே போனேன். முட்டி இடித்தது, கொண்டை கம்பியில் மாட்டிக்கொண்டது. இடது காதைத் தரையில் அழுத்திக் குப்புறக் கிடந்தாள். நான் எழுதி வைத்ததைச் சொன்னேன். நாமி யா ஐனீ. எங்கே கேட்கும்? கேட்கிற காது தரைக்குள் இருக்கிறது.

இரண்டாவது வேட்டு. மூன்றாவது.

சொல்வதை நிறுத்தவில்லை. அவள் கையை எடுத்து என் தொண்டையில் வைத்துக்கொண்டு சொன்னேன். குரல் அதிர்வதாவது தெரியட்டும் என்று. அனா ஜன்பிக். அனா ஜன்பிக். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் அந்தக் காதைத் தரையிலிருந்து எடுத்து என் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தூசி. ஒரு பழைய பம்பரம், பையனுடையது. ஆத்தா, நான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

எல்லாம் ஓய்ந்து வெகுநேரம் கழித்து அவர் வந்தார். சட்டையில் கரிமருந்து வாசம். வேட்டுக்காரனிடம் பேசி வேட்டுக் குழாய்களை எல்லாம் ஏரிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், இவரும் சேர்ந்து சுமந்து. தர்மகர்த்தா கேட்டதற்கு, "கூரை வூட்டு மேல பொறி விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றாராம்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ மாவிளக்கு தூக்கிட்டு கெளம்பியிருப்ப. கொழந்த மட்டும் தனியா கெடந்திருக்கும்."

பங்குனி 19, வியாழன்

மஞ்சள் நீர். தெருவெல்லாம் மஞ்சள். பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நின்று, "ஏ குவைத்து! வெளிய வா!" என்று கத்தினார்கள். அது அவள் பெயராகிவிட்டது. ஹிபா என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவரை வந்தாள். கம்பி வழியாக ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் வந்து விழுந்தது. மூக்கு நுனியில் மஞ்சள் சொட்ட நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். வாளியைத் தேடினாள்.

சாவி இடுப்பில்தான் இருந்தது. திறக்கவில்லை. அனுமதி இல்லை. கம்பி வழியாகவே திருப்பி ஊற்றினாள். நான் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாதம்மாவுக்குத் தைலம் தேய்த்தேன். "அந்தக் கோணல் வெளக்கு யாரு புடிச்சது? அதுதான் கடசி வரைக்கும் எரிஞ்சுது" என்றாள். நிஜமாகவா, என்னைத் தேற்றுவதற்காகவா, தெரியாது.

பங்குனி 20, வெள்ளி

காப்பு அவிழ்த்தாயிற்று. இனி யார் வந்து கூப்பிட்டாலும் நிறுத்துவதற்கு ஊரிடம் காரணம் கிடையாது.

மேடம் போன். திங்கட்கிழமை காலை கமிட்டி. சாலிம் அப்படியே. "சித்தப்பா வாய்ஸ் ஒண்ணு வந்தாக்கூட போதும்க்கா, நான் போட்டுக் காட்டறேன். வரலன்னா அன்னிக்கே சேலம்."

யஹ்யாவுக்கு ஒரே டிக்.

அவர் கேட்டார்: "அந்தாளு சேலத்துக்கே அனுப்புங்கன்னு சொல்லிட்டா?" அனுப்புவேன். தூங்க வைக்கிற அந்த வார்த்தையை எழுதி அங்கே இருப்பவர்கள் கையில் கொடுத்துவிட்டு வருவேன். எந்தக் காது என்றும் சொல்லிவிட்டு வருவேன். பதிலே வராமல் அனுப்புவதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. யாருமே வேண்டாம் என்று சொல்லவில்லை, யாருமே வேண்டும் என்றும் சொல்லவில்லை, ஆகவே வண்டியில் ஏறு என்று ஒரு குழந்தையிடம் எந்த மொழியில் சொல்வது?

மறுபடி மெசேஜ் போடப் போகிறேன். தப்பு வராமலிருக்க முதலில் இங்கே தமிழில். ஹிபா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் திக்கினால் அவள் எடுத்துக் கொடுப்பாள். கடைசி வரிக்கான வார்த்தையை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பது வருஷம் அதைத்தான் கேட்டேன்.

யஹ்யா தம்பி, நான் சரசு பேசுகிறேன். ஹிபா நன்றாக இருக்கிறாள், சாப்பிடுகிறாள். உங்கள் அண்ணன் கண் திறக்கிறார், இன்னும் ஆள் தெரியவில்லை. திங்கட்கிழமை இங்கே கமிட்டி கூடுகிறது. ஹிபா எங்கள் வீட்டில் இருக்கட்டுமா, சேலம் விடுதிக்குப் போகட்டுமா? ஒரே ஒரு வார்த்தை, உங்கள் குரலில் வேண்டும். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.